உட்கரு ஒளிர்ந்தால் நோய் உண்டா?

முரண்படும் இரண்டு தாள்கள்

மூட்டுவலிக்காக வைத்தியரிடம் சென்று, அவர் எழுதிக் கொடுத்தபடி இரத்தம் கொடுத்து, ஆய்வகத்திலிருந்து வந்த தாளைப் பிரித்துப் பார்க்கிற ஒருவர், அதில் 'ஏ.என்.ஏ. பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கக் கண்டால் கலங்காமல் இருப்பது அரிது. அந்த மூன்று எழுத்துக்களுக்கும் லூபஸ் என்னும் கடுமையான வியாதிக்கும் சம்பந்தம் உண்டென்று கைப்பேசியில் தேடித் தெரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதும். ஆனால் வைத்தியரோ, அந்தத் தாளை ஒரு முறை நோக்கிவிட்டு, விரல் மூட்டுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, முகத்தையும் வாயின் உட்புறத்தையும் சோதித்து, சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவையும் படித்த பின், "உங்களுக்கு லூபஸ் இல்லை, பயப்படாமல் போய் வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார். அடுத்து உள்ளே செல்லும் அம்மாளின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் வரையில் விரல்களை மடக்க இயலவில்லை, இரண்டு மணிக்கட்டுகளும் வீங்கியிருக்கின்றன, ஆயினும் முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் 'ஆர்.ஏ. ஃபாக்டர்' என்ற வரிக்கு எதிரே 'நெகட்டிவ்' என்றிருக்கிறது. அவருக்கோ வைத்தியர் முடக்குவாதம் என்று தீர்மானித்து மருந்து எழுதுகிறார்.

உண்டு என்று தாள் சொன்னவருக்கு வியாதி இல்லை. இல்லை என்று சொன்னவருக்கு இருக்கிறது. பரிசோதனை பொய் சொல்கிறதா, வைத்தியர் தவறு செய்கிறாரா என்று கேட்பது நியாயமே. இரண்டும் நிகழவில்லை என்பதையும், இத்தகைய பரிசோதனைக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதையும் இந்த அத்தியாயத்தில் படிப்படியாகக் காண்போம்.

தன்னையே பற்றும் எதிர்ப்பொருள்

நம் சரீரத்தினுள் கிருமி ஒன்று புகுமானால், வெள்ளணுக்களில் ஒரு வகையினவும் அவற்றிலிருந்து தோன்றுபவையும், அக்கிருமியின் ஏதேனும் ஒரு பகுதிக்குக் கச்சிதமாகப் பொருந்தும் புரதங்களைச் செய்து இரத்தத்தில் விடுகின்றன. இவையே எதிர்ப்பொருள்கள். தனக்குரிய இலக்கைத் தேடிப் பற்றுவதே எதிர்ப்பொருளின் சுபாவம். இங்கே நாம் பார்க்கப்போகும் பரிசோதனைகள் அனைத்துக்கும் அஸ்திவாரம் இதுவே.

சொந்தச் சரீரத்தையே பற்றும் எதிர்ப்பொருள் உண்டாகுமா என்ற வினாவை 1900-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் ஆராய்ந்தார். ஓர் ஆட்டின் இரத்தத்தை மற்றோர் ஆட்டுக்குச் செலுத்தினால் எதிர்ப்பொருள் உண்டாயிற்று; அதன் சொந்த இரத்தத்தையே அதற்குச் செலுத்தினால் உண்டாகவில்லை. ஆகவே, தனக்குத் தானே நஞ்சாக மாறுவதைச் சரீரம் இயற்கையிலேயே வெறுத்து விலக்குகிறது என்று அவர் கருதினார். 1904-ல் வியன்னாவில் ஜூலியஸ் டோனாத், கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற இருவர், குளிர் பட்டால் சொந்தச் சிவப்பணுக்களையே அழிக்கிற ஓர் எதிர்ப்பொருளைச் சில நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடித்துக் காட்டியிருந்தும், எர்லிக்கின் கருத்துக்கு இருந்த மதிப்பு நெடுங்காலம் குறையவில்லை.

இன்று நாம் அறிந்திருப்பது சற்று நுட்பமானது. சொந்தச் சரீரத்தின் பகுதிகளைப் பற்றும் எதிர்ப்பொருள்கள், அதாவது சுய எதிர்ப்பொருள்கள், சிறு அளவில் ஆரோக்கியமான மனிதர்களிடத்திலும் இருக்கின்றன; அவற்றால் தீங்கு விளைவதில்லை. அவை பெருகி, மூட்டையோ தோலையோ சிறுநீரகத்தையோ சிதைக்கும் அழற்சியோடு சேரும்போதுதான் அதைத் தன்னுடல் தாக்கு நோய் என்கிறோம்; லூபஸும் முடக்குவாதமும் இத்தகையவையே. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால் மேலே வருவன எளிதில் விளங்கும்.

ராச்செஸ்டரில் கண்ட செல்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் உள்ள மேயோ கிளினிக்கில், மால்கம் ஹார்கிரேவ்ஸ் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும், லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்து வருகையில், வெள்ளணுக்கள் சிலவற்றின் வயிற்றில் ஊதா நிறமான வழவழப்பான உருண்டை ஒன்று அடைபட்டிருக்கக் கண்டனர். அந்த உருண்டை, வேறொரு செல்லின் சிதைந்த உட்கரு. வெள்ளணு அதை விழுங்கியிருந்தது. 1948-ல் அவர்கள் வெளியிட்ட இக்கண்டுபிடிப்பு 'எல்.ஈ. செல்' என்று பெயர் பெற்று, லூபஸைக் கண்டறிய இரத்தத்தில் தேடத்தக்க முதல் அடையாளமாயிற்று.

வெள்ளணு தன்னிச்சையாக உட்கருவை விழுங்குவதில்லை. கிளீவ்லாண்டில் ஜான் ஹாஸரிக், நோயாளியின் இரத்தத்தின் நீர்ப்பகுதியை மட்டும் பிரித்து ஆரோக்கியமானவரின் மஜ்ஜையோடு கலந்தார், அங்கும் எல்.ஈ. செல் தோன்றியது. ஆகவே குற்றம் செல்லில் இல்லை, நீர்ப்பகுதியில் மிதக்கும் ஏதோ ஒன்றில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அந்த ஒன்று, உட்கருவைப் பற்றும் சுய எதிர்ப்பொருள்; ஏ.என்.ஏ. என்று தாளில் அச்சாவது இதுவே. ஆயினும் எல்.ஈ. செல்லைத் தேடுவது மிகுந்த உழைப்பையும் கண்ணின் பயிற்சியையும் வேண்டுவது. லூபஸ் உள்ளவர்களிலேயே பலரிடம் அது அகப்படுவதுமில்லை. அதன் காரணமாகிய எதிர்ப்பொருளை நேரடியாகவே காண வழி உண்டா என்று ஆராய்ச்சியாளர் தேடத் தொடங்கினர்.

இருட்டறையில் பச்சை ஒளி

அந்த வழியை 1957-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ரியோவும், அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஹால்பரோவும் அவர் குழுவினரும் கண்டனர். எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைக்கலாம் என்று அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் காட்டியிருந்தது அவர்களுக்குத் துணையாயிற்று. இன்றும் ஏ.என்.ஏ. பரிசோதனையின் மூலவடிவம் அதுதான். அதை ஆய்வகத்தில் நடக்கிறபடியே பார்ப்போம்.

சிறு வட்டங்கள் அச்சிட்ட கண்ணாடிச் சில்லு ஒன்று. ஒவ்வொரு வட்டத்திலும் மனிதச் செல்கள் ஒரு மெல்லிய படலமாக ஒட்டி வளர்ந்திருக்கின்றன. முன்னாளில் எலியின் ஈரலையும் சிறுநீரகத்தையும் மெல்லிதாகச் சீவிப் பயன்படுத்தினார்கள். இப்போது பயன்படுவது 'ஹெப்-2' என்னும் செல்வகை. தொண்டையில் உண்டான புற்றிலிருந்து எடுத்ததாக வெகுகாலம் எண்ணப்பட்ட இச்செல்கள், உண்மையில் 1951-ல் பால்டிமோரில் கருப்பை வாய்ப் புற்றால் இறந்த ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் செல்கள் ஆய்வகத்தில் கலந்துவிட்டதால் வந்தவை என்பது பின்னர் அறியப்பட்டது. உட்கரு பெரிதாக இருப்பதாலும், பிளவுபடும் நிலையிலுள்ள செல்கள் ஏராளமாகக் கிடைப்பதாலும் இவை இவ்வேலைக்கு மிகவும் ஏற்றவை.

உறைந்த இரத்தத்தின் மேல் தெளிந்து நிற்கும் சீரம் என்ற மஞ்சள் நீரை, உப்புக் கரைசல் கலந்து 80 பங்காக நீர்க்கச் செய்து, ஒரு சொட்டு அந்த வட்டத்தில் விடுகிறார் ஆய்வக உதவியாளர். ஈரப்பதமுள்ள பெட்டியில் அரைமணி நேரம் அது இருக்கும். உட்கருவைப் பற்றும் எதிர்ப்பொருள் சீரத்தில் இருந்தால் அதற்குள் போய்ப் பற்றிக்கொள்ளும். இல்லையேல் கழுவும்போது எல்லாம் ஓடிவிடும். கழுவிய பின், மனித எதிர்ப்பொருளையே பற்றக்கூடிய, ஆடு முதலிய பிராணிகளிடமிருந்து பெற்ற, ஒளிரும் சாயம் ஏற்றிய இரண்டாவது எதிர்ப்பொருளை விட்டு, மீண்டும் அரைமணி காத்திருந்து, மீண்டும் கழுவுகிறார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, நீல ஒளி பாய்ச்சும் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கிறார். எதிர்ப்பொருள் இருந்தால் கரிய பின்னணியில் உட்கருக்கள் இளம்பச்சையாகச் சுடர்விடும். இல்லையென்றால் மங்கிய நிழல்கள் மட்டுமே தெரியும்.

ஒளிரும் மாதிரியையும் அவர் குறித்துக்கொள்கிறார். உட்கரு முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் ஒரு பொருள். பொடிப்பொடியாகப் புள்ளியிட்டது போல் ஒளிர்ந்தால் மற்றொன்று. எண்ணத்தக்க சில பத்துப் புள்ளிகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தால், குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்துத் தோல் இறுகுகிற ஸ்கிளீரோடெர்மா என்னும் நோயின் ஒரு வகையை நினைக்க வேண்டும். பின்னர் சீரத்தை 160, 320, 640 என்று இரட்டித்து இரட்டித்து நீர்க்கச் செய்து, எந்த அளவு வரையில் ஒளி நிற்கிறது என்று பார்க்கிறார். தாளில் 1:320 என்று இருப்பதன் தாற்பரியம், அவ்வளவு நீர்த்த பின்னும் ஒளி மறையவில்லை என்பதே. இங்கே அளப்பது இயந்திரமல்ல, மனிதக் கண். ஆதலால் ஒரே சீரத்தை ஓர் ஆய்வகம் 1:80 என்றும் மற்றொன்று 1:160 என்றும் சொன்னால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆரோக்கியமானவர்களின் இரத்தம்

நோயாளிகளின் சீரத்தில் ஒளி தெரிகிறது என்பது சரி. நோயில்லாதவர்களின் சீரத்தில் என்ன தெரிகிறது? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை 1997-ல் கிடைத்தது. பல நாடுகளைச் சேர்ந்த 15 ஆய்வகங்கள், எங் டான் என்ற அறிஞரின் தலைமையில், 20 முதல் 60 வயது வரையுள்ள ஆரோக்கியமானவர்களின் சீரங்களைப் பரிசோதித்தன. 1:40 அளவில் ஏறக்குறைய நூற்றுக்கு 32 பேருக்கு உட்கரு ஒளிர்ந்தது. 1:80 அளவில் 13 பேருக்கு. 1:160 அளவில் 5 பேருக்கு. 1:320 அளவிலும்கூட 3 பேருக்கு.

இவர்களில் எவருக்கும் வியாதி இல்லை. வயது ஏற ஏற இவ்வாறு ஒளிர்வது மிகுவதும் உண்டு. லூபஸ் உள்ளவரின் நெருங்கிய உறவினர்களிடம் காணப்படுவதும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் போன்ற சில மருந்துகளைத் தின்பவர்களிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. மறுபுறம், லூபஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு 1:80 அளவிலாவது இது ஒளிர்கிறது. நோயுள்ள ஏறத்தாழ அனைவரையும் பிடித்துவிடுகிறது, நோயில்லாத பலரையும் சேர்த்துப் பிடிக்கிறது. கண்ணி நெருக்கமான வலைக்குரிய குணமும் குறையும் இதற்கு உண்டு.

ஒரே விடை, இரண்டு பொருள்

இனி ஒரு கணக்கு. பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறொன்றும் தேவையில்லை. லூபஸ் பெரும்பாலும் இளம்பெண்களையே பற்றுவதால் பெண்களையே எடுத்துக்கொள்வோம்.

களைப்பு, உடம்புவலி என்ற பொதுவான குறைகளோடு மட்டும் வரும் பெண்கள் 10,000 பேர் என்று கற்பனை செய்வோம். இவர்களில் லூபஸ் உள்ளவர்கள் ஆயிரத்துக்கு ஒருவராக, மொத்தம் 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் 1:80 அளவில் ஏ.என்.ஏ. பார்த்தால், அந்த 10 பேரும் அகப்படுவர் என்றே கொள்ளலாம். மீதியுள்ள 9,990 பேரில், நூற்றுக்கு 13 வீதம், ஏறக்குறைய 1,300 பேருக்கும் ஒளிரும். ஆக, 'பாசிட்டிவ்' என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்பவர்கள் 1,310 பேர். அவர்களில் உண்மையாகவே லூபஸ் உள்ளவர்கள் 10 பேர். அதாவது 131 பேருக்கு ஒருவர். மற்ற 130 பேருக்கும் அத்தாள் தந்தது, வீண் கவலையும் அடுத்தடுத்த பரிசோதனைகளின் செலவுமே.

இப்போது வேறொரு கூட்டத்தைப் பார்ப்போம். கன்னங்களிலும் மூக்கின் மேலும் விரிந்த பட்டாம்பூச்சியைப் போன்ற செந்தடிப்பு, வீங்கிய மூட்டுக்கள், வாய்ப்புண், சிறுநீரில் புரதம் ஆகிய குறிகளில் சில ஒருசேரத் தோன்றியதால் வாதநோய் நிபுணரிடம் அனுப்பப்பட்ட 1,000 பெண்கள் இவர்கள். பரிசோதிக்கு முன்னரே நிபுணர், இவர்களில் பாதிப் பேருக்கு லூபஸ் இருக்கலாம் என்று அனுமானிக்கிறார். நோயுள்ள 500 பேரில் 490 பேருக்கு உட்கரு ஒளிரும். நோயில்லாத 500 பேரில் 65 பேருக்கு ஒளிரும். 'பாசிட்டிவ்' என்று தாள் பெற்ற 555 பேரில் 490 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 88 பேருக்கு, நோய் உண்மையாகவே இருக்கிறது.

சில்லு அதே சில்லு. சாயம் அதே சாயம். தாளில் அச்சான எழுத்தும் அதுவே. முதற்கூட்டத்தில் நூற்றுக்கு ஒன்றாகக்கூடத் தேறாத நிச்சயம், இரண்டாவதில் 88 ஆக உயர்ந்ததற்குக் காரணம், இரத்தம் எடுப்பதற்கு முன்பே வைத்தியர் கண்ணாலும் கையாலும் கேள்வியாலும் சேகரித்த குறிகள். பரிசோதனையானது முன்பிருந்த ஐயத்தைப் பெருக்கவோ குறைக்கவோ வல்லது. ஐயமே இல்லாத இடத்தில் அது எதையும் நிலைநாட்டாது.

இந்தக் கணக்கின் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. இரண்டாவது கூட்டத்தில் உட்கரு ஒளிராத 445 பேரில் லூபஸ் உள்ளவர்கள் 10 பேரே, நூற்றுக்கு இரண்டு. ஆகவே லூபஸ் இல்லை என்று சொல்வதில்தான் ஏ.என்.ஏ. மிகவும் சமர்த்தானது. 2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து, ஆராய்ச்சிக்காக லூபஸை வகைப்படுத்த வகுத்த விதிகளில், 1:80 அளவு ஏ.என்.ஏ. ஒரு முறையேனும் இருக்க வேண்டும் என்பது வாயிற்படி மட்டுமே. அதைத் தாண்டி உள்ளே வந்தவருக்குச் சிறுநீரகம், மூட்டு, தோல் முதலியவற்றின் குறிகளுக்கு மதிப்பெண் இட்டு, 10 எட்டினால்தான் லூபஸ் என்று கொள்கிறார்கள், ஏ.என்.ஏ.வுக்கு என்று ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

இரண்டாம் வரிசைப் பரிசோதனைகள்

வாயிற்படியைக் கடந்தவரிடம் கேட்பதற்கென்று நுட்பமான கேள்விகள் இருக்கின்றன. உட்கருவில் எந்தப் பொருளை அந்த எதிர்ப்பொருள் பற்றுகிறது? பாரம்பரியச் சரடாகிய இரட்டை இழை டி.என்.ஏ.வைப் பற்றுமானால் லூபஸ் என்ற எண்ணம் வலுப்பெறும். பலருக்கு நோய் சிறுநீரகத்தைத் தாக்கும்போது இதன் அளவு ஏறி, சிகிச்சையில் இறங்குவதால், நோயின் போக்கைக் கவனிக்கவும் உதவும். 1966-ல் எங் டானும் ஹென்றி குங்கெலும் விவரித்த 'எஸ்.எம்.' என்ற எதிர்ப்பொருள், லூபஸ் இல்லாதவரிடம் காண்பது அரிது. ஆனால் லூபஸ் உள்ளவர்களிலும் சிறுபான்மையோரிடமே இருப்பதால், இல்லை என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. நோயின் ஏற்றத்தாழ்வோடு ஏ.என்.ஏ. ஒத்துப்போவதில்லை, ஆகையால் உண்டென்று தெரிந்த பின் அதை மாதாமாதம் திரும்பப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

முடக்குவாதத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். நார்வே நாட்டு எரிக் வாலர், நோயாளிகளின் சீரம் செம்மறியாட்டின் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதைக் கவனித்து 1940-ல் எழுதினார், ஆர்.ஏ. ஃபாக்டர் அதிலிருந்து பிறந்தது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இருப்பதில்லை. முன்னே கண்ட அம்மாள் அவர்களில் ஒருவர். மாறாக, தொழுநோய், காசநோய், இதயத்தின் உட்சவ்வில் கிருமி பற்றும் நோய், ஹெபடைடிஸ் சி ஆகியவற்றிலும், நோயற்ற முதியோரிலும் அது காணப்படுகிறது. 1990-களின் பிற்பகுதியில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் உருவாக்கிய 'சி.சி.பி.' பரிசோதனை, தம் கூறு ஒன்று சிட்ருல்லின் என்னும் பொருளாக மாறிய புரதத்துண்டுகளைப் பற்றும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. முடக்குவாதம் இல்லாதவர்களில் நூற்றுக்கு 95 பேரிடம் அது இல்லையென்றே வரும்; ஆகவே உண்டென்று வந்தால் அச்சொல்லுக்கு எடை அதிகம்.

வியாதிக்கு முந்திய ஆண்டுகள்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படைவீரர்களிடமிருந்து அவ்வப்போது எடுத்த சீரத்தைக் குளிர்பதனம் செய்து சேமித்து வருகிறது. பின்னாளில் லூபஸ் கண்ட 130 வீரர்களின் பழைய சீரங்களை அக்களஞ்சியத்திலிருந்து எடுத்துப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளிவந்தது. அவர்களில் 115 பேருக்கு, நோய் தீர்மானமாவதற்கு முன்பே, ஏதேனும் ஒரு சுய எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தது. ஒருவருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கும் முன்பே இருந்தது. பொதுவான ஏ.என்.ஏ. முதலிலும், டி.என்.ஏ.வைப் பற்றுவது பின்னரும், எஸ்.எம். நோய் வெளிப்படும் காலத்தை நெருங்கியும் என ஒரு வரிசையில் அவை தோன்றியிருந்தன.

இதைப் படித்ததும், ஏ.என்.ஏ. உள்ள ஆரோக்கியமானவர்கள் எல்லோரும் நாளைய நோயாளிகளோ என்ற அச்சம் எழலாம். நோயிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும்போது பெரும்பாலோரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் முன்பே இருந்தது என்பது உண்மை. எதிர்ப்பொருளிலிருந்து முன்னோக்கிப் பார்த்தாலோ, நோயை அடைபவர் மிகச் சிலர். நூற்றுக்கு 13 பேருக்கு ஒளிர்வது ஏ.என்.ஏ.; ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாக வருவது லூபஸ். இந்த இரண்டு எண்களின் இடைவெளியே அச்சத்துக்கு விடை. குறி எதுவும் இல்லாதவருக்கு வைத்தியர் மருந்து கொடுப்பதில்லை. முகத்தில் தடிப்பு, மூட்டு வீக்கம், நுரைத்த சிறுநீர் முதலியவை பிற்காலத்தில் தோன்றினால் தாமதியாமல் வரச் சொல்கிறார்.

தாயின் இரத்தமும் சேயின் இதயமும்

குறியில்லாதவரின் எதிர்ப்பொருளைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. 'ரோ' என்ற சுய எதிர்ப்பொருள் லூபஸிலும், கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரென் நோயிலும் அதிகமாகக் காணப்படுவது. எந்த நோயும் இல்லாத பெண்ணிடத்திலும் இருக்கக்கூடியது. அத்தகைய பெண் கருவுறாத காலம் வரையில், அதற்காகச் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கருவுற்றால் நிலைமை மாறுகிறது. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சேர்வது இயற்கையின் நல்ல ஏற்பாடு. கிருமிகளுக்கு எதிராகப் பிறந்த குழந்தைக்கு அவைதாம் முதற்காவல். அதே வழியில் 'ரோ'வும் சென்று, நூற்றுக்கு இரண்டு குழந்தைகளின் இதயத்தில் துடிப்புக் கட்டளை செல்லும் பாதையைப் பழுதாக்கிவிடுகிறது. அக்குழந்தைகளின் நாடி மிக மெதுவாக அடிக்கும். பலருக்குப் பிற்பாடு பேஸ்மேக்கர் பொருத்த நேரும். இந்தப் பழுது பெரும்பாலும் கர்ப்பத்தின் 16-வது வாரத்துக்கும் 26-வது வாரத்துக்கும் இடையில் நேர்வதால், அக்காலத்தில் சிசுவின் இதயத்தை எக்கோ செய்து கவனிக்கிறார்கள். முன்பு ஒரு குழந்தை இவ்வாறு பாதிக்கப்பட்டிருந்தால் அபாயம் பல மடங்கு உயர்வதால், அடுத்த கர்ப்பத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரையைத் தொடக்கத்திலிருந்தே கொடுக்கிறார்கள். மறுபடி அவ்வாறு நேர்வதை அது குறைக்கிறது.

பெண் ஒருத்தி, சீரம் ஒன்று, எதிர்ப்பொருளும் ஒன்று. சென்ற ஆண்டு அலட்சியம் செய்யத்தக்கதாக இருந்த அதே வரி, இவ்வாண்டு இருவரின் நலனைக் காக்கும் தகவலாகிவிடுகிறது; ஏனெனில் அவளைப் பற்றி வைத்தியர் கேட்கும் கேள்வி இப்போது வேறு. ஆதலால், பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப்போகும் எவரும், "இது பாசிட்டிவாக வந்தால் என்ன செய்வீர்கள், நெகட்டிவாக வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று தம் வைத்தியரை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே பதில் வருமானால், அந்தப் பரிசோதனை அன்றைக்குத் தேவையில்லை.